அடைமழை நாளில் வீட்டுக்குள்ளே: பல்லாங்குழியும் உடற்பயிற்சியும் சேர்ந்த ஒரு செய்முறை

ஐப்பசியில் அடைமழை, கார்த்திகையில் கனமழை என்று திருநெல்வேலிச் சீமையில் இன்றும் சொல்வார்கள். தென்மேற்குப் பருவத்தில் தென்காசியும் குற்றாலமும் சாரலில் நனையும்போது பாளையங்கோட்டைப் பக்கம் பெரும்பாலும் காற்றுதான் வீசும். எங்களுக்கு உரிய மழை அக்டோபருக்கும் டிசம்பருக்கும் இடையில், வடகிழக்குப் பருவத்தில் வருகிறது. 2023 டிசம்பர் 17, 18 ஆகிய நாட்களில் தாமிரபரணி கரைபுரண்டபோது, மின்சாரமும் கைப்பேசித் தொடர்பும் இல்லாமல் மச்சில் அடைந்து கிடந்தோம். முதல் நாள் மாலைக்குள் ஆச்சிக்கு முழங்கால் பிடித்துக்கொண்டது. பிள்ளைகளுக்குள் சண்டை மூண்டது. மறுநாள் பரணிலிருந்து பல்லாங்குழிப் பலகையை இறக்கினோம். அன்று எங்கள் வீட்டில் உருவான முறையைத்தான் இங்கே எழுதுகிறேன். உட்கார்ந்து ஆடுவதையும் எழுந்து உடலை அசைப்பதையும் தனித்தனியாக வைத்தால் இரண்டாவது எப்படியும் விட்டுப்போகும் என்பதால், இரண்டையும் ஒன்றாகப் பின்னியிருக்கிறேன்.

முதல் படி: இடத்தைத் தயார் செய்தல்

மழை நாளில் வழுவழுப்பான தரையே முதல் ஆபத்து. தார்சாவிலிருந்து (வாசல் பக்கத் தாழ்வாரம்) உள்ளே வரும் வழியில் பழைய சாக்கு ஒன்றை விரித்து, ஈரக்காலை அங்கேயே துடைத்துவிட்டுத்தான் பட்டாசலுக்குள் (நடுக்கூடம்) வர வேண்டும் என்று எல்லோரிடமும் சொல்லிவிடுங்கள். நாற்காலிகளைச் சுவரோரம் தள்ளி, நடப்பதற்கு நேரான வழி ஒன்றை ஒதுக்குங்கள். ஆட்டத்துக்குப் பத்தமடைக் கோரைப்பாய் இருந்தால் நல்லது. குளிர்ந்த தரையில் நெடுநேரம் உட்காருவது பெரியவர்களுக்கு ஒத்துக்கொள்ளாது.

இரண்டாம் படி: உடலைச் சூடாக்குதல்

தார்சாவிலிருந்து அடுக்களை வரை பத்து நிமிடம் விடாமல் நடங்கள். பிறகு சுவரிலிருந்து ஒரு கை தூரத்தில் நின்று, இரு உள்ளங்கைகளையும் தோள் உயரத்தில் சுவரில் பதித்து, முழங்கையை மடக்கி நெஞ்சைச் சுவரருகே கொண்டுபோய் மீண்டும் தள்ளி நிமிருங்கள். பத்து முறை போதும். இளையவர்கள் பத்துத் தோப்புக்கரணம் போடலாம். முழங்கால் வலி உள்ளவர்கள் அதற்குப் பதிலாகச் சுவரோடு ஒட்டிய, ஆடாத நாற்காலியில் உட்கார்ந்து எழுந்தால் போதும். மூச்சை அடக்காமல், எழும்போது வெளிவிடுவது முக்கியம். பெரியவர்களுக்கு வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிட மிதமான உடலியக்கமும், 5 முதல் 17 வயது வரை உள்ளவர்களுக்கு நாள்தோறும் சராசரியாக 60 நிமிடமும் தேவை என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் 2020ஆம் ஆண்டு வழிகாட்டுதல். மழை ஒரு வாரம் நீடித்தால் இந்தக் கணக்கு எவ்வளவு எளிதில் தவறிவிடும் என்பதை அனுபவத்தில் கண்டிருக்கிறேன்.

மூன்றாம் படி: பல்லாங்குழி

பலகையில் ஒரு பக்கத்துக்கு ஏழாக 14 குழிகள் இருக்கும். பலகை இல்லாத வீட்டில் 14 சிரட்டைகளை இரண்டு வரிசையாக வைக்கலாம். தரையில் சாக்பீஸால் வட்டம் போட்டாலும் ஆட்டம் நடக்கும். குழிக்கு 5 வீதம் 70 புளியமுத்து வேண்டும்; சோழியோ மஞ்சாடியோ இருந்தாலும் சரிதான். குன்றிமணியைத் தவிர்த்துவிடுங்கள், பார்க்க அழகாக இருந்தாலும் அது நஞ்சு. எதையும் வாயில் போடும் வயதுக் குழந்தை இருந்தால், எந்த முத்தானாலும் கைக்கெட்டாமல் இருக்கட்டும்.

உங்கள் பக்கத்து வரிசை உங்களுடையது. அதில் ஏதாவது ஒரு குழியிலுள்ள முத்துகளை முழுவதும் அள்ளி, அடுத்த குழியிலிருந்து வலப்புறமாக ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டு போங்கள். வரிசை முடிந்ததும் எதிராளியின் வரிசைக்குத் திரும்பி, அங்கே இடப்புறமாகத் தொடருங்கள். கையிலுள்ளது தீர்ந்ததும் அதற்கு அடுத்த குழியை அள்ளி மீண்டும் போட வேண்டும். அடுத்த குழி வெறுமையாக இருந்தால், அதைத் துடைத்துவிட்டு, அதற்கும் அடுத்த குழியில் உள்ளதை எடுத்துக்கொள்ளலாம்; அத்துடன் உங்கள் முறை முடிந்தது. தொடர்ந்து இரண்டு குழிகள் வெறுமையாக இருந்தால் ஒன்றும் கிடைக்காது. இடையில் எந்தக் குழியிலாவது சரியாக நான்கு முத்து சேர்ந்தால் அது பசு. குழிக்கு உரியவர் உடனே எடுத்துக்கொள்வார்.

படித்தால் குழப்பமாகத் தோன்றும். ஒருமுறை போட்டுப் பார்த்தால் தெளிந்துவிடும். உங்கள் இடக்கோடிக் குழியை 1 என்று வைத்து, முத்து போடும் திசையிலேயே எதிராளியின் வரிசையையும் சேர்த்து 14 வரை எண்ணிக்கொள்ளுங்கள். முதல் ஆட்டமாக 1ஆம் குழியை அள்ளினால் 6ஆம் குழியில் கை தீரும். 7ஐ அள்ளினால் 12இல் தீரும். 13ஐ அள்ளினால் 4இல் தீரும். இப்போது 5ஆம் குழியில் ஆறு இருக்கும். அது 11 வரை போகும். பின் 12ஆம் குழியின் ஆறு மீண்டும் 4 வரை வரும். 5 வெறுமையாக இருப்பதால் அதைத் துடைத்து, 6இல் இருக்கும் ஏழு முத்துகளை எடுத்துக்கொள்கிறீர்கள். உங்களுக்கும் ஏழு கிடைத்தால் சரியாகப் போட்டிருக்கிறீர்கள். சில வீடுகளில் எதிர்க்குழியையும் சேர்த்து எடுப்பார்கள். எந்த முறை என்பதை ஆட்டம் தொடங்கும் முன்பே பேசி முடிவு செய்துவிட வேண்டும்.

முறை வந்தவரின் வரிசையில் முத்தே இல்லாதபோது அந்தச் சுற்று முடியும். மறுபக்கத்தில் மிஞ்சியது அந்தப் பக்கத்தாருக்கே. ஒருவரிடம் 40, மற்றவரிடம் 30 என்று வைத்துக்கொண்டால், அடுத்த சுற்றுக்கு முன்னவர் தம் ஏழு குழிகளையும் நிரப்பி ஐந்தைக் கையில் வைத்துக்கொள்வார். பின்னவர் ஆறு குழிகளைத்தான் நிரப்ப முடியும். ஏழாவது குழியில் ஒரு குச்சியை வைத்து, அந்தச் சுற்றில் அதைத் தாண்டிப் போட வேண்டும்.

நான்காம் படி: இரண்டையும் இணைத்தல்

ஒரு முறையில் எத்தனை முத்து எடுத்தீர்களோ அத்தனை முறை நாற்காலியிலிருந்து எழுந்து உட்கார வேண்டும், சிறுவர்களுக்குத் தோப்புக்கரணம். எடுத்தவர்தான் செய்ய வேண்டும், தோற்றவர் அல்ல. தோற்றவருக்குத் தண்டனையாகக் கொடுத்துப் பார்த்தோம். சின்னவள் அழுதுகொண்டே எழுந்து போய்விட்டாள். முறையை மாற்றிய பிறகு, “எனக்கு ஏழு!” என்று அவளே ஓடிப்போய் நாற்காலியைப் பிடித்தாள். சுற்று முடிந்ததும் எல்லோரும் ஐந்து நிமிடம் நடந்துவிட்டு வர வேண்டும். கருப்பட்டிக் காப்பியை அதற்குப் பிறகு ஊற்றினால் யாரும் நடையைத் தட்டிக்கழிப்பதில்லை.

ஆட்டம் முடிந்தபின் முத்துகளைத் துணியில் பரப்பி, ஈரம் போக உலர்த்தி, மூடியுள்ள டப்பாவில் எண்ணிப் போடுங்கள். மழைக்காலத்தில் புளியமுத்து எளிதில் பூஞ்சை பிடிக்கும். 70இல் ஒன்று குறைந்தாலும் அடுத்த ஆட்டத்தின் கணக்கு இடிக்கும்.