மச்சினன் நிலாவில் கோபுரம் காட்டினால்

"மாமா, நிலாவுல கோபுரம் இருக்கு!" என்று மச்சினன் போனை நீட்டினால் நான் சிரிப்பதில்லை. சிரித்தால் பேச்சு அங்கேயே முடிந்துவிடும். எந்த விண்கலம், எந்த வருடம் எடுத்த படம் என்று கேட்பேன். இதைத் தோண்டியெடுக்கவே அவனுக்கு இரண்டு நாள் ஆனது.

1966 நவம்பரில், நிலாவின் அமைதிக் கடல் என்ற சமவெளியை, நிலாவைச் சுற்றிய நாசாவின் லூனார் ஆர்பிட்டர் 2 எடுத்த படம் அது. ஊசி ஊசியாக நிழல்கள். நிழலை வைத்து உயரம் சொல்லும்முன் சூரியன் எங்கே இருந்தது என்று பாருங்கள். அங்கே அடிவானத்தை ஒட்டி இருந்தது. சாயங்காலம் அவனையே மொட்டை மாடியில் நிறுத்தினேன். ஐந்தரை அடி ஆளுக்கு 20 அடி நிழல்! சரிவில் விழுந்தால் இன்னும் நீளும்.

நேர்கோடுகள் தெரிந்தால்? அந்தக் கலம் பிலிமைத் தனக்குள்ளேயே கழுவி, பட்டை பட்டையாக ஸ்கேன் செய்து அனுப்பியது. கோடு அந்தப் பட்டைகள் சேரும் ஒட்டாக இருக்கலாம். வாட்ஸ்அப்பில் நசுங்கி வந்த படத்தைப் பெரிதாக்கிப் பார்க்காதீர்கள், கட்டம் கட்டமாகச் சுவர் முளைக்கும். அதே இடத்தை, நிலாவைச் சுற்றும் நாசாவின் எல்ஆர்ஓ கலம் எடுத்த படங்களில், வேறு வெயிலில் தேடுங்கள்.

மசியவில்லை என்றால், சீனாவின் நிலா ஊர்தி யூட்டு 2 கதை. 2021 கடைசியில் நிலாவின் மறுபக்கத்தில், சுமார் 80 மீட்டர் தள்ளி கனசதுரமாக ஏதோ தெரிய, சீனர்களே 'மர்மக் குடிசை' என்றார்கள். உருண்டு கிட்டே போனால் முயல் சாயலில் ஒரு கல். ஊர்தியின் பெயருக்கே முயல் என்றுதான் அர்த்தம்!

மச்சினன் இப்போது செவ்வாய்க்குத் தாவிவிட்டான்.