கிளியர் கோட் கீறல்: எவ்வளவு தேய்க்கலாம், எங்கே நிறுத்தலாம்

காரின் பூச்சில் விழும் கீறல் என்பது ஒரு பள்ளம். பாலிஷ் அந்தப் பள்ளத்தை நிரப்புவதில்லை; அதன் இரு கரைகளையும் அடிமட்டம்வரை தேய்த்து இறக்குகிறது. அதாவது, கீறலை நீக்கக் கீறல் இல்லாத இடத்தைத்தான் நாம் தேய்க்கிறோம். யார் காரைக் கையில் கொடுத்தாலும் நான் கஞ்சத்தனமாகத் தேய்ப்பதற்கு இதுதான் காரணம். நிறப்பூச்சின் மேல் இருக்கும் நிறமற்ற கிளியர் கோட் பெரும்பாலான கார்களில் 35 முதல் 50 மைக்ரான் கனம்தான், தலைமுடியைவிட மெல்லியது. புற ஊதாக் கதிரிலிருந்து நிறத்தைக் காப்பதும் அதுவே. அளவுக்கு மீறித் தேய்த்தால் இன்று பளபளக்கும், சில ஆண்டுகளில் வெளுத்து உரியும்.

ஆகவே முதல் வேலை, கீறலின் ஆழம் பார்ப்பது. காரைக் கழுவிய பின் கீறலின் மேல் தண்ணீர் தெளியுங்கள். ஈரத்தில் மறைந்து, காய்ந்ததும் திரும்பி வந்தால் அது கிளியர் கோட்டோடு நின்ற கீறல். அடுத்து, நகத்தை அழுத்தாமல் கீறலுக்குக் குறுக்கே இழுங்கள். நகம் தட்டுப்பட்டால் பாலிஷ் போட்டு முழுமையாக எடுக்க முடியாது. உள்ளே பிரைமரோ (நிறத்துக்கு அடியில் உள்ள அடிப்பூச்சு) உலோகமோ தெரிந்தால் அது டச்-அப் பெயின்ட்டின் வேலை. இன்னொன்று: இடித்த வண்டியின் நிறம் நம் காரில் ஒட்டிக்கொண்டு கீறலைப்போல் நடிப்பதும் உண்டு. அதைத் தடவிப் பார்த்தால் பள்ளமாக இராது, மேடாக இருக்கும்.

பளபளப்பில்லாத மேட் பூச்சுள்ள காரா? கை வைக்காதீர்கள், தேய்த்த இடம் மட்டும் பளபளத்துத் தனியாகத் தெரியும். பாலிஷ் போடும்போது துணியில் காரின் நிறம் ஏறுகிறதா? அது கிளியர் கோட் இல்லாத பழைய வகைப் பூச்சு. அங்கே நேரடியாக நிறத்தையே தேய்க்கிறீர்கள்.

வேலையை நிழலில் தொடங்குங்கள். உலோகம் தொட்டால் குளிர்ந்திருக்க வேண்டும். வெயிலில் பாலிஷ் வேலை செய்யுமுன்னே காய்ந்துவிடும். கழுவிய பின்னும் உள்ளங்கையில் சொரசொரப்புத் தெரிந்தால் ஒட்டிய அழுக்கை இழுத்தெடுக்கும் களிமண் போன்ற கட்டியான கிளே பாரை வழுக்கும் திரவத்தோடு தேய்த்து அழுக்கை எடுங்கள். கிளே பார் தரையில் விழுந்தால் குப்பைக்குத்தான்; ஒட்டிய ஒரு மணல் போதும், புதுக் கீறல்கள் போட. பிளாஸ்டிக், ரப்பர் ஓரங்களிலும் கதவின் கூர்மையான மடிப்புகளிலும் மாஸ்கிங் டேப் ஒட்டுங்கள். மடிப்புகளில் பூச்சு எப்போதும் மெல்லியது. அங்கேதான் முதலில் அடிநிறம் தெரியும்.

பாலிஷைவிடக் கடுமையாகத் தேய்க்கும் பசையான ரப்பிங் காம்பவுண்ட்டை முதலில் எடுக்காதீர்கள். மென்மையான பாலிஷிலிருந்து தொடங்குங்கள். நுரைப் பட்டையில் பட்டாணி அளவு பாலிஷ் எடுத்து, உள்ளங்கை அகல இடத்தில் பரப்பி, நேர்கோட்டில் முன்னும் பின்னும், பிறகு அதற்குக் குறுக்காகத் தேய்க்கவும். கையால் வட்டமாகத் தேய்ப்பது பழக்கமாக இருந்தாலும் அந்த வட்டக் கோடுகள் கறுப்புக் காரில் விளக்கொளியில் அப்படியே தெரியும். முதலில் சற்று அழுத்தம், போகப்போகக் குறைவு. பாலிஷ் கண்ணாடிபோல மெலிந்ததும் மைக்ரோஃபைபர் துணியால் துடையுங்கள். துணியின் ஓரத்தில் தைத்த லேபிளை வெட்டிவிடுங்கள், அதுவும் கீறும்.

துடைத்ததும் கீறல் மறைந்துவிட்டதே என்று மகிழ்ந்துவிட வேண்டாம். பாலிஷில் உள்ள எண்ணெய் பள்ளத்தில் தங்கி ஏமாற்றும். ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலைத் தண்ணீரில் கலந்து துடைத்துவிட்டு, டார்ச்சைச் சாய்த்துப் பிடித்துப் பாருங்கள். இரண்டு மூன்று முறை தேய்த்தும் குறையாவிட்டால் மட்டும் காம்பவுண்ட். அது விட்டுச்செல்லும் மங்கலை எடுக்க மறுபடி பாலிஷ்.

கதவுக் கைப்பிடிக்குப் பின்னால் உள்ள குழியைப் பாருங்கள். நகமும் மோதிரமும் பட்டுப் பிறைபிறையாகக் கோடுகள். இயந்திரமும் உள்ளங்கையும் நுழையாத இடம். நடுவிரலில் மைக்ரோஃபைபர் துணியைச் சுற்றி, ஒரு சொட்டு பாலிஷோடு, மேலிருந்து கீழாக மெதுவாக. விரல் நுனியின் அழுத்தம் முழுவதும் ஒரே புள்ளியில் விழும் என்பதால் அடிக்கடி துடைத்துப் பாருங்கள்.

இயந்திரம் வாங்குவதானால் சுழன்றுகொண்டே ஊசலாடும் இரட்டை இயக்க வகையே புதியவருக்கு நல்லது. சுற்ற மட்டும் செய்யும் ரோட்டரி வகை ஒரே இடத்தில் நின்றால் பூச்சைச் சூடேற்றிக் கருக்கிவிடும். பிளாஸ்டிக் பம்பரில் சூடு எளிதில் பரவி வெளியேறாது. அங்கே இன்னும் கவனம் தேவை.

2000, 3000 எண் உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்துத் தேய்ப்பவர்கள் உண்டு. பழகாத கைக்கு நான் பரிந்துரைப்பதில்லை. சாதாரணக் கனமானி காட்டுவதும் பூச்சுகளின் மொத்தக் கனத்தைத்தான்; கிளியர் கோட் தனியாக எவ்வளவு மிச்சம் என்று அது சொல்லாது. பற்பசையைப் பற்றியும் கேட்பார்கள். பல்லுக்குச் செய்ததைப் பல்லுக்கே விட்டுவிடுங்கள்.

கீறலின் கூர்மை மழுங்கி, நாலடி தள்ளி நின்றால் தெரியவில்லை என்றால் நிறுத்திவிடுங்கள். மிச்சமுள்ள மெல்லிய கோட்டுக்காக இன்னும் சில மைக்ரானைச் செலவழிப்பது வீண். தேய்த்த இடத்தில் பழைய வேக்ஸ் போயிருக்கும். புதிதாக மெல்லிய வேக்ஸ் பூச்சு ஒன்று போடுங்கள். டேப்பை எடுத்த பின் ஓரங்களில் தங்கிய பாலிஷை ஈரத் துணியால் அன்றே துடைத்துவிடுங்கள். கறுப்பு பிளாஸ்டிக்கில் வெள்ளையாகக் காய்ந்துவிட்டால் அதை எடுப்பது கீறலை எடுப்பதைவிடப் பெரிய வேலை.