கேப்ஷன் மென்பொருள்: பணம் கட்டும் முன் பார்க்காமல் விடுபவை

"தமிழும் உண்டு" என்று விளம்பரத்தில் ஒரு வரி இருந்தால் போதும், பலர் ஆண்டுச் சந்தாவையே கட்டிவிடுகிறார்கள். அந்த ஒரு வரிக்குள் மூன்று வேலைகள் அடங்கியிருக்கின்றன: தமிழ்ப் பேச்சைக் கேட்டு எழுதுவது, தமிழ் எழுத்தைத் திரையில் ஒழுங்காகக் காட்டுவது, கோப்பைச் சேதமில்லாமல் வெளியே தருவது. எல்லோரும் சோதிப்பது முதலாவதை. வேலை கெடுவது பெரும்பாலும் மற்ற இரண்டில்.

ஆகவே தேர்வைக் கடைசியிலிருந்து தொடங்குங்கள். வீடியோ எங்கே ஓடப்போகிறது, அந்த இடம் எந்தக் கோப்பைக் கேட்கிறது?

கைபேசிச் செயலிகள் போடும் பளபளப்பான எழுத்து பெரும்பாலும் படத்தோடு ஒட்டிவிடும். அதைப் பார்ப்பவரால் அணைக்க முடியாது, பெரிதாக்க முடியாது. பார்ப்பவரே போடவும் அணைக்கவும் முடிகிற க்ளோஸ்டு கேப்ஷன் என்றால் தனிக் கோப்பாக இருக்க வேண்டும். வித்தியாசம் தெரிவது பிழை வரும்போதுதான். ஒட்டிய எழுத்தில் ஒரு பெயர் தப்பாக இருந்தால் வீடியோவை மறுபடி ரெண்டர் செய்து புதிதாக ஏற்ற வேண்டும். யூடியூப்பில் பழைய இணைப்பும் பார்வை எண்ணிக்கையும் போய்விடும். தனிக் கோப்பென்றால் அதை மட்டும் மாற்றினால் போதும். வரிகளையும் அவை தோன்றும் நேரத்தையும் வைத்திருக்கும் கோப்பு வகைகளான எஸ்ஆர்டி, விடிடி இரண்டையும் தருகிறதா, இலவசப் பதிப்பிலேயே தருகிறதா என்று முதலில் கேளுங்கள். திருத்த விட்டுவிட்டு, இறக்கும் பொத்தானை அழுத்தும்போது பணம் கேட்பவை உண்டு.

எஸ்ஆர்டி கோப்பின் ஒரு துண்டு இப்படித்தான் இருக்கும்:

14
00:01:12,500 --> 00:01:15,200
[கதவு தட்டும் ஓசை]
யாரு? இந்த நேரத்துல?

மில்லி விநாடிக்கு முன் காற்புள்ளி இருப்பதைக் கவனியுங்கள். விடிடியில் அந்த இடத்தில் புள்ளி வரும். கோப்பின் முதல் வரியில் 'வெப்விடிடி' (WEBVTT) என்ற சொல்லும் ஆங்கிலப் பெரிய எழுத்துகளில் இருக்க வேண்டும். கோப்பின் பின்னொட்டை மட்டும் மாற்றிவிட்டு "இணையதளத்தில் கேப்ஷன் வரவில்லை" என்று தலையைப் பிய்த்துக்கொள்வது இதனால்தான்.

'ஒளிபரப்புத் தரம், எஸ்சிசி உண்டு' என்று விலையை ஏற்றிச் சொல்வார்கள். எஸ்சிசி என்பது அமெரிக்கத் தொலைக்காட்சியின் 608 என்ற கேப்ஷன் முறைக்கான கோப்பு வடிவம். வரிக்கு 32 எழுத்து, அதுவும் லத்தீன் எழுத்து. தமிழுக்கு அதில் இடமே கிடையாது. தமிழ் மட்டும் செய்பவர் அதற்காக ஒரு ரூபாய்கூடக் கூடுதலாகத் தர வேண்டாம்.

எழுத்துருவுக்கு வருவோம். பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்து படத்தில் ஒட்டினால் பார்க்க அழகாகவே இருக்கும். அதே வரியை எஸ்ஆர்டியாக எடுத்தால் 'தமிழ்' என்ற சொல் ஜே, கே, பி, ஓ என நான்கு ஆங்கில எழுத்தும் ஓர் அரைப்புள்ளியுமாக யூடியூப்பில் நிற்கும். எந்தக் கருவியிலும் தமிழ் தமிழாகவே தெரியும் பொதுக் குறியீட்டு முறையான யூனிகோடு தவிர வேறெதையும் தொடாதீர்கள். கோப்பைச் சேமிக்கும்போது யூனிகோடுக்கான யுடிஎஃப்-8 முறை தேர்ந்திருக்கிறதா என்றும் பாருங்கள். பழைய நோட்பேடில் இயல்பிருப்பு, தமிழுக்கு இடமில்லாத ஆன்சி முறை. அதில் சேமித்தால் தமிழ் முழுக்கக் கேள்விக்குறியாகிவிடும். அப்படிச் சேமித்து மூடிய கோப்பை மீட்க வழியில்லை.

யூனிகோடிலும் திரையில் கொம்பு இடம் மாறி நிற்பதுண்டு. சோதிக்க 'கொக்கு, பௌர்ணமி, லக்ஷ்மி, ஸ்ரீரங்கம்' என்று ஒரே வரியில் அடித்துப் பாருங்கள். கொம்பு ககரத்துக்குப் பின்னால் போனாலோ புள்ளிவட்டம் தெரிந்தாலோ, உடனே ஒதுக்காமல் அமைப்புகளைத் துழாவுங்கள். வீடியோ தொகுக்கும் ப்ரீமியர் ப்ரோவில் தெற்காசிய எழுத்துகளுக்கென்றே தனித் தேர்வு இருக்கிறது; அதைத் தொடாமலே மென்பொருளைத் திட்டுபவர்கள் ஏராளம். அடுத்து, இடைவெளியே இல்லாத ஒரு நீளச் சொல்லை அடித்து, வரியை எங்கே மடிக்கிறது என்று பாருங்கள். ஒரு எழுத்தின் நடுவில் வெட்டி, கால் மட்டும் அடுத்த வரிக்கு வந்தால் அது தமிழுக்கு ஆகாது.

பலருக்கும் பிடிபடாத சிக்கல் எண்ணிக்கையில் இருக்கிறது. 'போகிறார்கள்' நமக்கு ஆறு எழுத்து: போ, கி, றா, ர், க, ள். கணினிக்கோ அது பதினொன்று. ப ஒன்று, ஓகாரக் குறி ஒன்று, புள்ளிகூட ஒன்று. பெரும்பாலான மென்பொருள்கள் விநாடிக்கு இத்தனை எழுத்து என்று அளந்து, மீறினால் சிவப்பு காட்டும். அந்த வரம்பு ஆங்கிலத்தை மனதில் வைத்து 17, 20 என்று இருக்கும். தமிழில் நிதானமான பேச்சுக்கே பாதி வரிகள் சிவந்துவிடும். பயந்துபோய் நல்ல வசனத்தை வெட்டுவது ஒரு தவறு. எரிச்சலில் எச்சரிக்கையையே அணைப்பது அதைவிடப் பெரிய தவறு, ஏனென்றால் உண்மையிலேயே வேகமான வரிகளும் தப்பிவிடும். வரம்பை நீங்களே மாற்ற விடும் மென்பொருளை எடுங்கள். 22-இல் தொடங்கி, ஒலியை அணைத்துவிட்டுப் படித்துப் பார்த்து ஏற்றி இறக்குங்கள். திரையில் இரண்டு வரிக்கு மேல் வேண்டாம். ஒரு துண்டு ஏழு விநாடிக்கு மேல் நிற்க வேண்டாம்.

இதன் தம்பி ஒருவன் உண்டு. 'கொ'வை ஒகரக் குறி போட்டும் எழுதலாம், எகரக் கொம்பும் காலும் தனித்தனியாகப் போட்டும் எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. தேடி மாற்றும்போது 'கொடி' பாதி இடங்களில் சிக்காமல் போனால் காரணம் இதுதான்.

தானியங்கிப் படியெடுப்பை நிறுவனம் தரும் மாதிரி வீடியோவில் பார்த்து முடிவு செய்யாதீர்கள். அதில் செய்தி வாசிப்பு போலப் பேசுவார்கள். உங்கள் வீடியோவிலிருந்தே ஐந்து நிமிடம் வெட்டுங்கள்: இருவர் குறுக்கே பேசும் இடம், பின்னணி இசை, ஆங்கிலம் கலந்த பேச்சு, சில விநாடி அமைதி. அமைதி முக்கியம். 2022-இல் ஓப்பன்ஏஐ வெளியிட்ட விஸ்பர் போன்ற, பேச்சை எழுத்தாக்கும் மென்பொருள்கள் யாரும் பேசாத இடத்திலும் இசையிலும் இல்லாத வாக்கியத்தை எழுதிவைப்பதுண்டு. பேச்சுத் தமிழை அப்படியே எழுதுகிறதா, எழுத்துத் தமிழாக மாற்றுகிறதா என்றும் பாருங்கள். பிறகு திருத்த ஆன நேரத்தையும் முதலிலிருந்து கையால் அடிக்க ஆகும் நேரத்தையும் கடிகாரம் பார்த்து ஒப்பிடுங்கள். துல்லியம் இத்தனை சதவீதம் என்ற விளம்பரத்தைவிட அந்தக் கடிகாரம் நம்பகமானது.

நேரம் நழுவுவதில் இரண்டு வகை. தொடக்கம் முதல் ஒரே அளவு தள்ளியிருந்தால் தொகுக்கும் மென்பொருளில் டைம்லைன் தொடங்கும் நேர எண் காரணம்: டாவின்சி ரிசால்வில் அது இயல்பாகவே 01:00:00:00. அதே எண்ணோடு எஸ்ஆர்டி வெளிவந்தால் கேப்ஷன் ஒரு மணி நேரம் கழித்துத்தான் வரும். போகப் போக விலகினால் ஃபிரேம் ரேட், அதாவது விநாடிக்கு எத்தனை படம் என்ற எண், பொருந்தவில்லை. 29.97 வீடியோவில் டிராப் ஃபிரேமை (கடிகாரத்தோடு ஒத்துப்போகச் சில ஃபிரேம் எண்களைத் தாண்டி எண்ணும் முறையை) கவனிக்காமல் விட்டால் மணிக்கு 3.6 விநாடி விலகும். 23.976-க்கும் 25-க்கும் குழம்பினால் மணிக்கு இரண்டரை நிமிடம். முதல் நிமிடத்தை மட்டும் பார்த்துவிட்டு 'ஓகே' சொன்னால் இது தெரியாது. கடைசி நிமிடத்தைப் பாருங்கள். மொத்தமாக நகர்த்தவும் விகிதப்படி நீட்டவும் தனித்தனி வசதி இருக்க வேண்டும்.

தமிழ்99 விசைப்பலகையில் அடிப்பவர்கள் இன்னொன்றையும் சோதிக்க வேண்டும். ஒற்றை எழுத்துக் குறுக்குவிசைகள் தமிழ் விசைப்பலகை இயங்கும்போது வேலை செய்யாமல் போகலாம். எஃப் வரிசை விசைகளுக்கு மாற்ற முடிகிறதா என்று பாருங்கள். ஒரு மணி நேர வீடியோவில் நூற்றுக்கணக்கான முறை அழுத்தப்போகும் விசை அது.

விண்டோஸ் வைத்திருப்பவருக்குச் சந்தா எதுவும் இல்லாமல் 'சப்டைட்டில் எடிட்' என்ற மென்பொருளே போதும்: ஒலியலை தெரியும், விஸ்பர் உள்ளேயே ஓடும், வீடியோவை யாருடைய சர்வருக்கும் அனுப்ப வேண்டியதில்லை. மாதம் ஒரு குறும்வீடியோ என்றால் யூடியூப் ஸ்டுடியோவே தாராளம். இணையச் சேவைதான் வேண்டும் என்றால், சந்தா முடிவதற்கு ஒரு வாரம் முன்பே எல்லா எஸ்ஆர்டி கோப்புகளையும் இறக்கி, வீடியோவின் பெயரிலேயே உங்கள் கணினியில் சேமித்து வையுங்கள்.