கெட்ட செய்தி சொல்ல டாக்டர்களுக்குக் கற்றுத்தரும்போது நடக்கும் தவறுகள்

இதை ஒரு லெக்சரில் முடித்துவிடலாம் என்று நினைப்பதுதான் பெரும்பாலான இடங்களில் நடக்கும் முதல் தவறு. ஸ்லைடைப் பார்த்து எல்லோரும் தலையாட்டுவார்கள். ஆனால் வார்டு வாசலில் ஒரு மகள் “அப்பாவுக்கு என்ன டாக்டர்?” என்று கேட்கும்போது, வாய்விட்டுச் சொல்லிப் பழகாத வாக்கியம் நாக்கில் வராது. நான்கைந்து பேராக உட்கார்ந்து, ஒருவர் நோயாளியாக நடிக்க, மற்றவர் சொல்லிப் பார்க்க வேண்டும். வேறு வழியில்லை.

சரி, எதைச் சொல்லித் தருவது? புற்றுநோய் மருத்துவர்களுக்காக வால்டர் பெய்ல், ராபர்ட் பக்மன் குழுவினர் 2000-இல் வெளியிட்ட ‘ஸ்பைக்ஸ்’ முறை பரவலாகப் பயன்படுகிறது. தனிமையான இடம், நோயாளிக்கு ஏற்கெனவே தெரிந்தது, எவ்வளவு தெரிந்துகொள்ள விரும்புகிறார், செய்தி, உணர்ச்சிக்கு இடம், அடுத்த திட்டம் என ஆறு படிகள். நல்ல முறைதான். ஆனால் டிக் அடிக்கும் பட்டியலாக அதை மாற்றிவிடுகிறோம். “உங்ககிட்ட இதுவரை என்ன சொல்லியிருக்காங்க?” என்று பயிற்சி மருத்துவர் கேட்பார். “ஏதோ சின்னக் கட்டின்னாங்க” என்று பதில் வரும். அடுத்த வாக்கியத்திலேயே இவர் மூன்றாவது ஸ்டேஜ் பற்றிப் பேசுவார். கேள்வி கேட்டாயிற்று, மதிப்பெண்ணும் கிடைத்தது; பதில் மட்டும் காதில் விழவில்லை.

என்னைக் கேட்டால், பயிற்சி நேரத்தில் பாதியைச் செய்தி சொன்ன அடுத்த அரை நிமிடத்துக்கே ஒதுக்கலாம். “பயாப்ஸி ரிசல்ட் வந்திருக்கு. நாம நினைச்ச மாதிரி இல்லம்மா. இது புற்றுநோய்.” அதோடு நிறுத்த வேண்டும். எதிரில் இருப்பவர் சேலை நுனியைத் திருகிக்கொண்டு தரையைப் பார்ப்பார். அந்த மௌனம் தாங்காமல் டாக்டர் கீமோ, ஆபரேஷன், தேதி என்று பேச ஆரம்பிப்பார். அவற்றில் எதுவும் அந்த அம்மாவின் மனதில் நிற்காது. ஆசிரியர் அங்கேயே நடிப்பை நிறுத்தி, அதே இடத்திலிருந்து மறுபடி செய்யச் சொல்ல வேண்டும். கடைசியில் மொத்தமாக “இன்னும் கனிவாகப் பேசியிருக்கலாம்” என்று சொல்லும் விமர்சனத்தால் யாருக்கும் பயனில்லை.

அப்புறம், மனப்பாட வசனங்கள். “உங்க கஷ்டம் எனக்குப் புரியுது” என்பதைக் கற்றுத்தராமல் இருப்பதே நல்லது. புரியாது என்று கேட்பவருக்குத் தெரியும். “இதைக் கேக்கறதுக்கே ரொம்ப அதிர்ச்சியா இருக்கும்” என்று கண்ணில் படுவதைச் சொன்னாலே போதும். “இனி செய்ய ஒண்ணுமில்லை” என்பதையும் விட்டுவிட வேண்டும். நோயைக் குணப்படுத்த முடியாமல் போகலாம். வலிக்கும் மூச்சுத்திணறலுக்கும் செய்ய வேண்டியது நிறைய இருக்கிறது. மரணச் செய்தியில் நேர் எதிரான தவறு நடக்கிறது. “எங்களால முடிஞ்சதெல்லாம் செஞ்சோம்” என்று மட்டும் சொன்னால், உள்ளே இன்னும் சிகிச்சை நடக்கிறது என்றே குடும்பம் நம்பும். ‘இறந்துட்டாங்க’ என்ற சொல் வந்தே ஆக வேண்டும்.

பயிற்சியில் அநேகமாக வராத ஒன்று, “அவர்கிட்ட மட்டும் சொல்லிடாதீங்க டாக்டர்” என்ற குடும்பத்தின் வேண்டுகோள். இதைப் பிற்போக்கு என்று ஒதுக்க வேண்டாம். அமெரிக்காவில் 1961-இல் நடந்த ஓர் ஆய்வில் சுமார் 90% டாக்டர்களே புற்றுநோயை நோயாளியிடம் சொல்ல விரும்பவில்லை. 1979-இல் 97% பேர் சொல்வதையே விரும்பினார்கள். குடும்பம் கேட்பதை உடனே மறுப்பதும் தப்பு, சரியென்று தலையாட்டுவதும் தப்பு. சொன்னால் என்ன ஆகும் என்று பயப்படுகிறார்கள் என்பதைக் குடும்பத்திடம் கேட்க வேண்டும். எவ்வளவு தெரிந்துகொள்ள விரும்புகிறார் என்று நோயாளியிடமும் கேட்க வேண்டும். இந்த இரண்டு உரையாடல்களையும் தனித்தனியாக நடித்துப் பழகலாம்.

வகுப்பு முடிந்ததும் கைவிட்டுவிடுவது இன்னொரு தவறு. முதல் சில முறை நிஜமாகச் செய்தி சொல்லும்போது சீனியர் ஒருவர் பக்கத்து நாற்காலியில் இருக்கட்டும். வெளியே வந்ததும் அடுத்த நோயாளியிடம் ஓடவிடாமல், ஐந்து நிமிடம் உட்காரவைத்து “உனக்கு எப்படி இருக்கு?” என்று முதலில் கேட்கட்டும். எந்த வாக்கியம் தடுமாறியது என்பதை அதற்குப் பிறகு பேசலாம்.