நித்திரை வராதவருக்கு முதலில் எழும்பப் பழக்குங்கள்

அம்மாவோ மாமாவோ நித்திரை இல்லை என்று சொன்னால் நாம் உடனே சொல்வது, "வெள்ளனப் படுங்க". அதைத்தான் சொல்லக்கூடாது. ஒன்பது மணிக்கே சரிந்து ஒரு மணி வரை கூரையைப் பார்த்துக்கொண்டு கிடப்பவருக்குப் படுக்கையைக் கண்டாலே நெஞ்சு படபடக்கும், இன்னும் வெள்ளனப் படுத்தால் முழித்துக் கிடக்கிற நேரம்தான் கூடும்.

கிழமையில் 3 இரவாவது இப்படிப் போய், அது 3 மாதமாகத் தொடர்ந்தால் நாட்பட்ட தூக்கமின்மை என்பார்கள். இதற்கு மாத்திரையை விட முதலில் கொடுக்க வேண்டியது பழக்கத்தையும் எண்ணத்தையும் மாற்றும் சிகிச்சை என்று அமெரிக்க உள்மருத்துவர் கல்லூரி 2016இல் பரிந்துரைத்தது. சிபிடி-ஐ என்பது அதன் பெயர். அதில் வீட்டில் சொல்லிக்கொடுக்கக்கூடிய பகுதி இது.

முதலில் ஒரு கொப்பி. எத்தனை மணிக்குப் படுத்தார், உத்தேசமாக எவ்வளவு நேரம் தூங்கினார், எப்போது எழும்பினார், இவ்வளவும் போதும். சாமத்தில் மணிக்கூடு பார்க்கவே கூடாது, காலையில் தேத்தண்ணி கொடுக்கும்போது கேட்டு நீங்களே எழுதுங்கள். இரண்டு கிழமை எழுதினால் கணக்குத் தெரியும்.

ஒன்பதுக்குப் படுத்து ஆறுக்கு எழும்புகிறார், ஆனால் தூங்குவது ஆறு மணித்தியாலம்தான் என்று வையுங்கள். அப்படியென்றால் படுக்கையில் இருக்க வேண்டியதும் ஆறு மணித்தியாலம்தான். எழும்பும் நேரத்தை ஆறு என்று கட்டி வைத்துவிட்டு, பன்னிரண்டுக்குப் படுக்க விடுங்கள். இரவு மோசமாகப் போனாலும், ஞாயிற்றுக்கிழமையானாலும் ஆறு ஆறுதான். முதல் கிழமை அவர் உங்களைத் திட்டுவார், பரவாயில்லை. படுக்கையில் இருக்கும் நேரத்தில் 85 வீதமாவது தூங்கத் தொடங்கியதும் கிழமைக்கு 15 நிமிடம் கூட்டுங்கள். எவ்வளவு குறைவாகத் தூங்கினாலும் ஐந்தரை மணித்தியாலத்துக்குக் கீழே மட்டும் இறக்க வேண்டாம். வலிப்பு உள்ளவர், இருமுனை மனநோய் உள்ளவர், பஸ்ஸோ லொறியோ ஓட்டுபவர் என்றால் வைத்தியரைக் கேட்காமல் இதைத் தொடவே கூடாது. நோன்பு மாதத்திலும் தொடங்காதீர்கள், சஹருக்கு எழும்புகிற வீட்டில் எந்தக் கணக்கும் நிற்காது.

கால்மணி நேரம் போல ஆகியும் நித்திரை வரவில்லையா, எழும்பி விறாந்தைக்கு வரச் சொல்லுங்கள். மங்கிய வெளிச்சத்தில் இருக்கட்டும், கண் செருகும்போது திரும்பிப் போகட்டும். போன் வேண்டாம், அதுவும் வெளிநாட்டில் இருக்கிற பிள்ளையோடு சாமத்தில் கதைக்கிற பழக்கம் இருந்தால் அதைப் பின்னேரத்துக்கு மாற்றுங்கள்.

கச்சான் காற்று வீசுகிற மாதங்களில் மட்டக்களப்பில் உள்ளறை வெக்கை தாங்காது, அங்கேயே படு என்று யாரையும் வற்புறுத்தாதீர்கள், காற்று வருகிற இடத்தில் பாயைப் போடலாம். ஆனால் மத்தியானச் சோற்றுக்குப் பிறகு இரண்டு மணித்தியாலம் போடுகிற தூக்கத்துக்கு இடம் கொடுக்காதீர்கள், இரவுத் தூக்கத்தைத் தின்பது அதுதான். முடியாவிட்டால் மூன்று மணிக்கு முன் 20 நிமிடம். பின்னேரத் தேத்தண்ணியும் அப்படித்தான்: குடித்த கஃபீனில் பாதி இறங்கவே ஐந்தாறு மணித்தியாலம் எடுக்கும், பிளேன்டீயிலும் அது இருக்கிறது.

அம்பாறைப் பக்கம் யானைக் காவலுக்கு வயலில் முழிப்பவருக்கு இந்த அட்டவணை பொருந்தாது. காவல் இல்லாத மாதத்தில் தொடங்குங்கள்.

பாமசியில் பிரிட்டோன் வாங்கிப் போட்டுத் தூங்குபவர்கள் நிறையப் பேர். அது ஒவ்வாமைக்கும் தடிமனுக்கும் கொடுக்கிற மருந்து, மறுநாளும் மந்தமாக்கும், வயதானவர் தடுமாறி விழுவார். வைத்தியர் எழுதிக் கொடுத்த தூக்க மாத்திரை என்றால் வேறு கதை, அதைத் திடீரென்று நிறுத்த வேண்டாம். பலத்த குறட்டையும் இடையில் மூச்சு நிற்பதும் இருந்தால் இந்தக் கொப்பி உதவாது, வைத்தியரிடம் கூட்டிப்போங்கள். வாழ்ந்து என்ன பயன் என்று பேசுகிறார் என்றால் அடுத்த கிளினிக் நாள் வரை பார்த்திருக்காமல் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போங்கள்.