அத்தை விட்டுப்போன கொல்லை

செடி கொடி என்றாலே எனக்கு ஆகாது. மயிலாடுதுறையில் அத்தையின் வீடு என் பங்குக்கு வந்தபோது, கொல்லை முழுக்கச் சிமெண்ட் போட்டுவிடலாம் என்றுதான் நினைத்தேன். மழைத்தண்ணீர் இறங்க வழியிருக்காது என்று கொத்தனாரே தடுத்துவிட்டார், பிழைப்பைக் கெடுத்துக்கொண்டு!

பெரிய தலைவலி கோரை. மேலாக அறுத்தால் சில நாளில் பழையபடி நிற்கும். உயிர் மண்ணுக்கடியில், கறுப்பு மணி கோத்த மாதிரி சரமாக ஓடும் கிழங்கில் இருக்கிறது. மண்வெட்டி போட்டால் சரம் அறுந்து ஒவ்வொரு கிழங்கும் தனியாக முளைக்கும். அதனால் மழைக்குப் பின் மண் இளகியதும் கடப்பாரையால் நெம்பி, சரத்தோடு உருவி, மொட்டைமாடி வெயிலில் காயப்போட்டேன். எருக்குழியில் போடவே கூடாது. கோரைக்கு நிழல் ஆகாது; காலி இடத்தில் சர்க்கரைவள்ளிக் கொடியைப் படரவிட்டதும் பாதி அடங்கிவிட்டது.

வாழைப் புதரில், தாய்மரத்தோடு ஒடுங்கிய இலையுள்ள ஈட்டிக்கன்று ஒன்றை மட்டும் விட்டு, அகல இலை நீர்க்கன்றுகளை எடுத்துவிட்டேன்.

முருங்கையை இடுப்பளவுக்கு வெட்டப் போனபோது பக்கத்து வீட்டுப் பாட்டி, "பச்சை மரத்துல கை வைக்கிறியேப்பா" என்று சண்டைக்கு வந்தார். அடிமரத்தில் அப்பிக்கிடந்த கம்பளிப்பூச்சிக் கூட்டத்தைக் காட்டினேன், பேச்சே இல்லை. இப்போது கைக்கெட்டும் உயரத்தில் துளிர்த்திருக்கிறது. கீரை அதிகம் பறிப்பது அவர்தான்.

கிணற்றோரம் காட்டாமணக்கு இன்னும் பாக்கி. அதற்கு ஆள் சொல்லியாயிற்று.