சீக்கிரம் காயும் பயணத் துண்டு: வாங்கியதும் வீட்டிலேயே சோதித்துப் பார்ப்பது எப்படி?

தை பிறந்துவிட்டால் செட்டிநாட்டு ஊர்களில் பழனிப் பாதயாத்திரை பற்றிய பேச்சுதான். குன்றக்குடியில் கூடி, சிங்கம்புணரி, நத்தம், திண்டுக்கல் என்று காவடியோடு நடந்து போகும் வழியில் தினமும் குளித்தாக வேண்டும். குளித்துத் துவட்டிய துண்டு, விடியுமுன் கிளம்பும்போது காய்ந்திருக்க வேண்டும். காயாவிட்டால் அந்த ஈரத்தையும் சேர்த்துத் தோளில் சுமக்க வேண்டியதுதான். பிரான்மலை ஏறுகிறவர்களுக்கும், அமாவாசைக்குச் சதுரகிரி போகிறவர்களுக்கும், கொடைக்கானல் பக்கம் கூடாரம் போட்டுத் தங்குகிறவர்களுக்கும் இதே பாடுதான்.

இப்போது 'ட்ராவல் டவல்', 'குவிக் ட்ரை' என்று எழுதிய சின்னச் சின்னப் பொட்டலங்கள் எல்லா இடத்திலும் கிடைக்கின்றன. விலையும் தரமும் ஆளுக்கொரு மாதிரி. பொட்டலத்தில் எழுதியிருப்பதை நம்பி அப்படியே பையில் போட வேண்டாம். சமையலறையில் ஒரு டிஜிட்டல் தராசு இருந்தால் போதும், எந்தத் துண்டு உங்களுக்குச் சரிப்படும் என்று வீட்டிலேயே தெரிந்துகொள்ளலாம்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். துண்டு சீக்கிரம் காயுமா என்பது பெரும்பாலும் பிழியும்போதே முடிவாகிவிடுகிறது. கொடிக்குப் போகும் முன்பே முடிந்துபோகிற கதை அது. ஒரே காற்றில் பக்கத்துப் பக்கத்தில் தொங்கும் இரண்டு துணிகள், நன்றாக ஈரமாக இருக்கும் வரை, ஒரு சதுர அடிக்கு ஏறக்குறைய ஒரே அளவு தண்ணீரைத்தான் ஆவியாக விடும். பிழிந்த பிறகு எதில் தண்ணீர் குறைவாக நிற்கிறதோ அது முதலில் காயும். கீழே உள்ள சோதனையின் உயிர்நாடி இதுதான்.

எடுத்து வைக்க வேண்டியவை

புதுத் துண்டு. அதோடு ஒப்பிட வீட்டில் இருக்கும் ஒரு தேங்காய்ப்பூத் துண்டும் ஓர் ஈரிழைத் துண்டும். ஒரு கிராம் வரை காட்டும் தராசு, ஒரு வாளி, துண்டை வைத்து எடை போட ஒரு கிண்ணம், அளவு நாடா, ஒரு நோட்டு.

ஈரிழைத் துண்டைக் கட்டாயம் சேர்த்துக்கொள்ளுங்கள். வருடா வருடம் நடக்கும் பெரியவர்களிடம் புதுத் துண்டைக் காட்டினால், "ஈரிழை இருக்கையில இது எதுக்கப்பா?" என்றுதான் கேட்பார்கள். அந்தக் கேள்வி நியாயமானது. அதற்கும் தராசே பதில் சொல்லட்டும்.

படி 1: துவைத்துவிட்டுத் தொடங்குங்கள்

புதுத் துணியில் ஆலையில் ஏற்றிய பூச்சும் மிச்சச் சாயமும் இருக்கும். அந்த நிலையில் சோதித்தால் நல்ல துண்டுகூடத் தண்ணீரை உறிஞ்சாததுபோலத் தெரியும். கொஞ்சம் சோப்புத்தூள் போட்டுச் சாதாரணத் தண்ணீரில் இரண்டு தடவை அலசுங்கள். நீலம், சிவப்பு மாதிரி அடர்ந்த நிறமாக இருந்தால் முதல் அலசலைத் தனி வாளியில் செய்யுங்கள். துணிக்குப் போடும் கண்டிஷனர் மட்டும் வேண்டவே வேண்டாம். அது இழையின் மேல் வழுவழுவென்று ஒட்டிக்கொண்டு, உறிஞ்சும் திறனைக் குறைத்துவிடும்.

படி 2: சீட்டைப் படியுங்கள், உலர்ந்த எடையைக் குறியுங்கள்

ஓரத்தில் தைத்திருக்கும் சீட்டில் பெரும்பாலும் 'பாலியெஸ்டர் 80, பாலியமைடு 20' என்று இருக்கும். பாலியமைடு என்பது நைலான்தான். இதைத்தான் மைக்ரோஃபைபர் என்கிறார்கள். 9,000 மீட்டர் நீள இழை 1 கிராம் எடை இருந்தால் அது 1 டெனியர். அதைவிடவும் மெலிந்த இழைதான் மைக்ரோஃபைபர். நல்ல ரகத்தில் இரண்டு பொருளையும் சேர்த்து ஒரே இழையாக இழுத்து, பிறகு பிளந்துவிடுவார்கள். இழையைக் குறுக்காக வெட்டிப் பார்த்தால் ஆரஞ்சுச் சுளைகள் மாதிரி பிரிந்து நிற்கும். அந்த இடுக்குகளில்தான் தண்ணீர் ஏறி உட்காருகிறது. இழைக்கு உள்ளே அதிகம் போவதில்லை, அதனால் பிழிந்தால் வெளியே வந்துவிடுகிறது.

பருத்தி அப்படியில்லை, ஈரத்தை இழைக்குள்ளேயே வாங்கிக்கொள்ளும். ஓரளவு ஈரப்பதம் உள்ள காற்றில் சும்மா கிடந்தாலே தன் எடையில் 7, 8 சதவீதம் ஈரத்தை வைத்திருக்கும். பாலியெஸ்டரில் அரை சதவீதம்கூட இருக்காது. ஆகவே உலர்ந்த எடையைச் சோதனை நடக்கும் அன்றைக்கே எடுங்கள். ஐப்பசி மழையில் எடுத்த எடையும் சித்திரையில் எடுத்த எடையும் பருத்தித் துண்டுக்கு ஒன்றாக இருக்காது.

அடுத்து நீளம், அகலம். 60 செ.மீ.க்கு 120 செ.மீ. துண்டு என்றால் பரப்பு 0.72 சதுர மீட்டர். எடை 130 கிராம் என்றால், 130-ஐ 0.72-ஆல் வகுக்க, சுமார் 180. சீட்டில் ஜி.எஸ்.எம். என்று போடுவது இந்த எண்ணைத்தான். பயணத் துண்டுகள் பெரும்பாலும் 150-லிருந்து 250 வரை இருக்கும். கனத்த குளியல் துண்டுகள் 400-க்கு மேல். சீட்டில் போட்டிருப்பதும் உங்கள் கணக்கும் ரொம்பவே விலகினால், அந்தப் பொட்டலத்தில் எழுதியிருக்கும் மற்ற வாக்குறுதிகளையும் கொஞ்சம் சந்தேகத்தோடு படியுங்கள்.

படி 3: ஒரு சொட்டுத் தண்ணீர்

துண்டை மேசையில் விரித்து, விரல் நுனியிலிருந்து ஒரு சொட்டு விடுங்கள். குனிந்து பாருங்கள். நல்ல துணியில் சொட்டு விழுந்த இடத்திலேயே தட்டையாகி, ஓரம் கலைந்து, கருத்த வட்டமாகப் பரவும். மோசமான துணியில் முத்துப் போல உருண்டு நிற்கும். துணியைச் சாய்த்தால் ஓடிவிடும். அப்படி நின்றால் இன்னொரு தடவை துவைத்துப் பாருங்கள். அப்போதும் நின்றால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். அந்த இழை பிளக்கப்படாத ரகமாக இருக்க வாய்ப்பு அதிகம்.

ஆத்தங்குடிக் கல் பதித்த தரை வீட்டில் இருந்தால் இன்னொன்றும் செய்யலாம். தரையில் ஒரு டம்ளர் தண்ணீரைக் கொட்டித் துண்டால் ஒற்றி எடுங்கள். கல்லின் வழவழப்பில் மிச்சமிருக்கும் ஈரம் பளபளவென்று தெரியும். துண்டு எங்கே விட்டுவிட்டது என்று கண்ணாலேயே பார்க்கலாம்.

படி 4: நனை, பிழி, எடை போடு

எல்லாவற்றிலும் முக்கியமான படி இதுதான், இதை மட்டும் அவசரப்பட்டுச் செய்யாதீர்கள்.

மூன்று துண்டுகளையும் ஒரே தண்ணீரில் ஐந்து நிமிடம் அமுக்கி வையுங்கள். மைக்ரோஃபைபர் காற்றைப் பிடித்துக்கொண்டு மிதக்கும், கையால் அழுத்திக் குமிழியை வெளியேற்றுங்கள். பிறகு ஒவ்வொன்றாக இரண்டு முனையைப் பிடித்துத் தூக்கி, ஒரு நிமிடம் சொட்ட விட்டு, கிண்ணத்தில் வைத்து எடை போடுங்கள். கிண்ணத்தின் எடையைக் கழிக்க மறக்க வேண்டாம். இது நனைந்த எடை.

அடுத்து பிழிவது. மூன்றையும் ஒரே ஆள், ஒரே விதமாகப் பிழிய வேண்டும். நான்காக மடித்து முறுக்குங்கள். பத்து எண்ணும் வரை ஒரு சொட்டும் விழவில்லை என்றால் நிறுத்திக்கொள்ளுங்கள். தேங்காய்ப்பூத் துண்டு கனமாக இருக்கும்; முறுக்க முறுக்க மணிக்கட்டு வலிக்கும். அந்த வலியையும் நோட்டில் எழுதுங்கள், ஏனென்றால் பாதயாத்திரை வழியில் தினமும் அதைச் செய்யப் போகிறவர் நீங்கள்தான். பிழிந்ததும் மறுபடி எடை.

கணக்கு காட்டுவதற்காக மட்டும் சில எண்கள் தருகிறேன். பயணத் துண்டு உலர்ந்து 130 கிராம், நனைந்து 520, பிழிந்து 240 என்று வைத்துக்கொள்வோம். 1 கிராம் தண்ணீர் என்பது 1 மில்லி. துண்டு வாங்கிக்கொண்டது 390 மில்லி, பிழிந்தும் போகாமல் நின்றது 110 மில்லி. அந்த 110-ஐப் பரப்பால், அதாவது 0.72-ஆல் வகுத்தால், ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 153 மில்லி. இந்தக் கடைசி எண்தான் நீங்கள் தேடுவது. மூன்று துண்டுக்கும் இதைக் கண்டுபிடித்து வரிசைப்படுத்துங்கள்; எது சின்னதோ அது முதலில் காயும். அளவு வேறுபட்ட துண்டுகளையும் இப்படி நேர்மையாக ஒப்பிடலாம்.

தேங்காய்ப்பூத் துண்டுக்கு இந்த எண் எகிறும். ஈரிழைத் துண்டு மெல்லியதாக இருந்தால் பயணத் துண்டுக்கு அதிகத் தூரத்தில் நிற்காது. பெரியவர்கள் சொன்னதில் இருக்கும் உண்மை அங்கே தெரியும்.

படி 5: கொடியில் போடுங்கள், ஆனால் மத்தியான வெயிலில் வேண்டாம்

காரைக்குடி வெயிலில் கோணிப்பைகூடச் சீக்கிரம் காய்ந்துவிடும். அந்த நேரத்தில் சோதித்தால் ஒன்றுமே தெரியாது. பயணத்தில் நீங்கள் துண்டு காயப்போடப் போவது சாயங்காலமோ ராத்திரியோ, சத்திரத்துத் தாழ்வாரத்திலோ கூடாரத்துக்குள்ளோதான். ஆகவே இரண்டு இடத்தில் பாருங்கள்.

முதலில், பொழுது சாய்ந்த பிறகு வளவில் மேல்திறப்பு உள்ள முற்றத்துக் கொடியில், காற்று நடமாடும் இடத்தில். அப்புறம் இன்னொரு நாள், ராத்திரியில் ஜன்னலைச் சாத்திய அறைக்குள், மின்விசிறி போடாமல். இரண்டாவதுதான் கடுமையான பரீட்சை. மூடிய அறையில் காற்றிலேயே ஈரம் ஏறிக்கொண்டு போகும்; அதற்குமேல் வாங்கிக்கொள்ள அதில் இடம் குறைந்துவிடும். மூன்றையும் ஒன்றாகப் போட்டால் ஒன்றின் ஈரம் மற்றதைக் கெடுக்கும், அந்தச் சோதனைக்கு ஒரு ராத்திரிக்கு ஒரு துண்டுதான்.

முற்றத்தில் அரை மணிக்கு ஒரு தடவை எடை போடுங்கள். உலர்ந்த எடையோடு 5 கிராம் வித்தியாசத்துக்குள் வந்தால் காய்ந்ததாகக் கணக்கு. தொட்டுப் பார்த்து முடிவு செய்ய வேண்டாம், நடுத்துணி சீக்கிரம் காய்ந்து ஏமாற்றும். மடித்துத் தைத்த ஓரத்தையும், தொங்கவிடத் தைத்திருக்கும் காதின் அடியையும் இரண்டு விரலால் நசுக்கிப் பாருங்கள். அங்கே சில்லென்று இருந்தால் ஈரம் இன்னும் போகவில்லை. சில துண்டுகளில் அழகுக்காகத் தடித்த நாடா வைத்து ஓரம் தைத்திருப்பார்கள். நான் அதை ஒரு குறையாகவே கருதுகிறேன்.

மார்கழி, தை மாதத்தில் திறந்தவெளியில் ராத்திரி முழுக்க விட்டுவிடாதீர்கள். பனி இறங்கி, காய்ந்த துண்டும் விடிகாலையில் நனைந்திருக்கும். கூரைக்குக் கீழே வைத்துச் சோதிப்பதுதான் சரி.

படி 6: உடம்பில் பார்ப்பது

தராசு சொல்லாததை உடம்பு சொல்லும். தலைக்குக் குளித்துவிட்டு முழுவதும் இந்த ஒரு துண்டாலேயே துவட்டுங்கள். மைக்ரோஃபைபரைத் தேய்த்தால் தோலில் பிடித்துப் பிடித்து இழுக்கும். ஒற்றி ஒற்றி எடுக்க வேண்டும், பழகக் கொஞ்சம் நாளாகும். நீளமான முடி இருந்தால் தலையில் சுற்றிக் கட்டுமளவு நீளம் போதுமா, இடுப்பில் கட்டினால் சுற்று வருமா என்றும் பாருங்கள். குளக்கரையில் உடை மாற்றும்போதுதான் பத்து செ.மீ. குறைவின் அருமை தெரியும். என்னைக் கேட்டால் கொஞ்சம் எடை கூடினாலும் பெரிய அளவே நல்லது.

எண்ணெய்க் குளியலுக்கும் ஒரு நாள் பயன்படுத்துங்கள். பாலியெஸ்டருக்கு எண்ணெய் என்றால் பிடித்தம். சீயக்காய் போட்ட பிறகு மிச்சமிருக்கும் நல்லெண்ணெயை இழுத்து வைத்துக்கொள்ளும். வழக்கம்போல் துவைத்துக் காயவைத்து, படி 3-இல் சொன்ன சொட்டுச் சோதனையைத் திரும்பச் செய்யுங்கள். சொட்டு உருண்டால் வெதுவெதுப்பான தண்ணீரில் சோப்புத்தூள் போட்டு அரை மணி ஊறவைத்து அலச வேண்டும். அப்படியும் போகவில்லை என்றால் எண்ணெய் நாளுக்கு ஈரிழையையே வைத்துக்கொள்ளுங்கள்.

படி 7: வாடை

பிழிந்த துண்டைப் பிளாஸ்டிக் பையில் கட்டி ராத்திரி முழுக்க வையுங்கள், காலையில் திறந்து முகருங்கள். லேசான ஈரவாடை எந்தத் துணியிலும் வரும். விரித்துப் போட்டதும் அது போய்விடுகிறதா, துவைத்த பிறகும் ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்பதே கேள்வி.

எதை எடுத்துப் போவது?

நடைப் பயணத்துக்கும் மலைக்கும், எடையும் இடமும் முக்கியம் என்றால், பிழிந்த எண் நன்றாக வந்த மைக்ரோஃபைபர். ஊருணியிலோ ஆற்றிலோ இறங்கிக் குளித்து அங்கேயே துண்டை அலசும் பயணம் என்றால் நான் ஈரிழையைத்தான் சொல்வேன். செயற்கை இழைத் துணி ஒவ்வொரு அலசலிலும் நுண்ணிய இழைத் துணுக்குகளை உதிர்க்கிறது. குடிக்கவும் குளிக்கவும் மழைநீரைச் சேர்த்து நம் ஊர்க்காரர்கள் வெட்டி வைத்த ஊருணிகளில் அதைக் கலக்க மனம் வரவில்லை. மைக்ரோஃபைபர்தான் வேண்டும் என்றால் வாளியில் அலசி, அந்தத் தண்ணீரைக் கரையிலிருந்து தள்ளி மண்ணில் கொட்டுங்கள்.

வீட்டில் துவைக்கும்போது தேங்காய்ப்பூத் துண்டோடு சேர்த்துப் போடக் கூடாது, அதன் பிசிறு முழுக்க இதில் ஒட்டிக்கொள்ளும். இஸ்திரி போடக் கூடாது. கொதிக்கும் தண்ணீரும் பிளீச்சிங்கும் ஆகாது.

நடக்கும்போதே காயவைக்க, துண்டைப் பையின் பின்பக்கம் விரித்து இரண்டு முனையிலும் ஊக்குக் குத்திக்கொள்ளுங்கள். ஊக்கை ஓரத் தையலில் குத்த வேண்டும். நடுத்துணியில் குத்தினால் நடையின் ஆட்டத்துக்கு இழை இழுபட்டு ஓட்டை பெரிதாகிவிடும்.